பகிர்ந்துகொண்ட ஓடுபாதை

நுழையும்முன்

படைத்தளமும் பயணியர் வானூர்தி நிலையமும் வெவ்வேறு உலகங்கள் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், ஒரே ஓடுபாதை இரண்டுக்கும் பயன்படுவது உண்டு. 2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளம் அதன் தேவையை உணர்த்தியது.

ஆறும் ஓடுபாதையும்

பொத்தேரிக்கு அண்மையிலுள்ள ஆதனூர் ஏரிப் பகுதியில் தோன்றும் அடையாறு, தாம்பரத்தின் மேற்குப்புறமாக ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை, இவ்வாற்றின் குறுக்கே பாலம் அமைத்து நீட்டப்பட்டதாகும்.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிந்தன. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்தது. முடிச்சூர் முதலிய பகுதிகளில் வீடுகள் மூழ்கின. வானூர்தி நிலையத்திலும் வெள்ளம் புகுந்தமையால் சேவை முற்றிலும் நின்றது. சாலைகளும் இருப்புப்பாதைகளும் துண்டிக்கப்பட்ட வேளையில் வான்வழியும் அடைபட்டது.

கதவு திறந்த இராஜாளி

தாம்பரம் விமானப்படைத் தளம் மீட்புப் பணிக்கு மையமாயிற்று. பயணியரை ஏற்றிச் செல்லும் பெரிய வானூர்திகளுக்கோ நீண்ட ஓடுபாதை தேவைப்பட்டது. அத்தகைய ஓடுபாதை, சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள அரக்கோணத்தில் இருந்தது. அங்குள்ள ‘இராஜாளி’ கடற்படை வானூர்தித் தளம் 1992இல் தொடங்கப்பட்டது. அதன் ஓடுபாதை 4 கி.மீ.க்கும் மேல் நீளமுடையது. டிசம்பர் 4ஆம் நாள் அங்கிருந்து பயணியர் வானூர்திகள் புறப்பட்டன. மீனம்பாக்கம் மீண்டும் இயங்கும்வரை சென்னைக்கு அத்தளமே வான்வாயிலாக விளங்கியது.

பகிர்தலின் நெறி

ஓடுபாதை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பயணச்சீட்டுச் சரிபார்ப்பு, உடைமைச் சோதனை, பயணியர் காத்திருக்க இடம், தளத்தை அடையப் பேருந்து எனப் பலவும் வேண்டும். படைத்தளத்தின் பாதுகாப்பும் குறைதல் கூடாது. படையினரின் பயிற்சி நேரமும் பயணியர் சேவை நேரமும் மோதாதிருத்தல் வேண்டும். கோவாவின் தபோலிம், விசாகப்பட்டினம், புனே ஆகிய இடங்களில் படைத்தளங்களின் ஓடுபாதைகளையே பயணியர் வானூர்திகளும் பயன்படுத்தி வந்துள்ளன. தபோலிமில் வார நாள்களின் காலைப்பொழுது கடற்படைப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

அங்கெல்லாம் பகிர்வு அன்றாட நடைமுறை. அரக்கோணத்திலோ இடர் வந்தபின் செய்த ஏற்பாடு. வெள்ளம் மீண்டும் வரக்கூடும். எந்தத் தளத்தை, எந்நிலையில், யார் திறப்பது என்பதை அமைதிக்காலத்திலேயே வகுத்து வைத்தல் வேண்டும். ஆற்றின் வழியை அடைக்காமல் காப்பதும் அத்திட்டத்தின் பகுதியே. பகைவரிடமிருந்து காப்பதோடு, இடர் சூழ்ந்த மக்களுக்கு வழிவிடுவதும் படைத்தளத்தின் பணியே ஆகும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் பகுதியில் வெள்ளக் காலத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடத்தக்க இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே செய்ய வேண்டிய ஏற்பாடுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.