செல்போன் தானாகப் பேசினால் என்ன செய்வது?

சென்ற மாதம் எங்கள் உப்பு குடோனில் லாரி பாரம் ஏற்றி நின்றது. வாடகை முன்பணம் அனுப்பச் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தேன். தொட்ட இடத்தையெல்லாம் உரக்கப் படித்ததே தவிர, எதையும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டும் பயனில்லை. ரிப்பேர் கடையில், "எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும்" என்றார்கள். பாக்கிக் கணக்கும் பார்ட்டிகளின் நம்பர்களும் அதில்தான் இருக்கின்றன! கடைசியில் எங்கள் கணக்கப்பிள்ளையின் மகன், "அண்ணாச்சி, போன் கெட்டுப் போகலை" என்று சொல்லி அரை நிமிடத்தில் சரி செய்தான். அவனிடம் கற்றதை நம் உறுப்பினர்களுக்காக எழுதுகிறேன்.

பார்வையற்றோருக்காக ஆண்ட்ராய்டு போனில் உள்ள வசதி 'டாக்பேக்'. பையில் கிடக்கும்போது ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டும் சேர்ந்து அழுந்தினால் பல போன்களில் இது தானே தொடங்கிவிடும்.

1. போன் பேசினால்: அதே இரு பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். நிற்கவில்லையெனில், வேண்டியதை ஒருமுறை தொட்டு, பின் விரைவாக இருமுறை தட்டினால் திறக்கும். திரையை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும். இம்முறையில் 'செட்டிங்ஸ்', 'அக்சஸிபிலிட்டி' சென்று டாக்பேக்கை நிறுத்தலாம்.

2. திரை பூதாகரமாகத் தெரிந்தால்: அது உருப்பெருக்கி. ஒரு விரலால் விரைவாக மூன்றுமுறை தட்டிப் பாருங்கள்.

3. நிறங்கள் போட்டோ நெகடிவ் போலத் தலைகீழானால்: அதே பகுதியில் 'கலர் இன்வர்ஷன்' என்பதை நிறுத்துங்கள்.

4. பணம் அனுப்பும் பொத்தான் திரையில் தெரியாவிட்டால்: எழுத்தளவு மிகப் பெரிதாக இருக்கலாம், ஒரு படி குறையுங்கள்.

கண் மங்கிய நம் போன்றோருக்குப் பெரிய எழுத்து பேருதவி; அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பார்வைக் குறையுள்ள வாடிக்கையாளர்கள் நோட்டின் மதிப்பைக் கேட்டறிய ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது.

இனிதான் முக்கியமான பாடம். இந்த அக்சஸிபிலிட்டி அனுமதியை ஒரு செயலிக்குக் கொடுத்தால், அது திரையில் உள்ளதைப் படிக்கும். நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். மோசடிக்காரர்களுக்கு வேண்டியது இதுவே. இவ்வழியில் வங்கி விவரங்களைத் திருடும் 'சோவா' என்ற செயலி பற்றி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் பில், அபராத நோட்டீஸ், வங்கி அறிவிப்பு என்ற பெயரிலான 'ஏ.பி.கே.' கோப்புகளைத் திறக்காதீர்கள். அந்த அனுமதியை யார் கேட்டாலும், கல்லாச் சாவியைக் கேட்பதாகவே கொள்ளுங்கள்.

இன்றே அக்சஸிபிலிட்டி பகுதியைத் திறந்து, அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். அறியாத பெயர் இருந்தால் அனுமதியை நிறுத்தி, செயலியையும் நீக்குங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.