இடுப்பில் தொடங்கும் வலி

அன்புள்ள செல்விக்கு,

நேற்று ராத்திரி ஃபோனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பக்கத்தில் உன் மாமியார் நின்றது தெரிந்தது. "வயிறு வலிக்கும் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள், எனக்கு முதுகுக்குக் கீழேயல்லவா இழுக்கிறது, இதுவும் வலியில் சேர்த்தியா?" என்றாய். சேர்த்திதான். பிரசவ வார்டில் நான் பார்த்த எத்தனையோ பேருக்குப் பிரசவமே இடுப்பில்தான் தொடங்கியது.

வயிற்றில் பிள்ளை தலைகீழாக இருந்தாலும், பின்மண்டை உன் முதுகுத்தண்டுப் பக்கம் இருந்தால், கீழே இறங்கும்போது அது இடுப்பெலும்பை அழுத்தும். வலி முதுகில் தெரிய அது ஒரு காரணம். எல்லா இடுப்பு வலிக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்படி இருக்கிற பிள்ளைகளும் பெரும்பாலும் வலி நடக்கும்போதே திரும்பிக்கொள்ளும். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு கவலைப்படாதே.

மாமியார் சீரகக் கஷாயம் போட்டுத் தந்தால் குடி. சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்க நம் வீடுகளில் கொடுப்பதுதான், கெடுதல் இல்லை. ஆனால் தீர்ப்பைக் கஷாயத்திடம் விடாதே. வயிற்றில் கை வைத்துப் பார். முதுகு இழுக்கிறபோது வயிறும் இறுகி, பிறகு தளர்கிறதா? அந்த இறுக்கம் வருகிற இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா? அப்படியென்றால் நிஜ வலிதான். இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் ஒரு கடுப்பு மிச்சமிருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் குழம்பிப்போவாய். விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் ஆகும் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. வயிற்றுப்போக்கில் தெம்பு போவதுதான் மிச்சம்.

இப்போது முக்கியமான விஷயம். வலி வந்தால் படுக்கத்தான் தோன்றும். மல்லாந்து மட்டும் படுக்காதே, முழு பாரமும் முதுகில் இறங்கும். முன்னால் சாய வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள். இல்லாவிட்டால் தரை துடைக்கிற மாதிரி கையையும் முழங்காலையும் ஊன்றி, இடுப்பை மெதுவாக ஆட்டு. இப்படி இருந்தால் பிள்ளை திரும்பிவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதற்கு உறுதி கிடையாது, ஆனால் முதுகு வலி குறையும். அசதியாக இருந்தால் ஒருக்களித்துப் படு, கால்களுக்கு நடுவே தலையணை வை.

அடுத்தது கை. வலி ஏறும்போது உன் முதுகின் அடியில், பிட்டத்துக்குச் சற்று மேலே, மாப்பிள்ளை உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. வலி இறங்கும்வரை விடாமல், நீ "இன்னும்" என்றால் இன்னும் கொஞ்சம் பலமாக. இது கிழவிகள் வைத்தியம் என்று அவர் சிரித்தால், உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியிலேயே மசாஜும் சூடான ஒத்தடமும் இருக்கின்றன என்று சொல். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி முதுகுக்கு மட்டும் வை. தைலம் தடவின இடத்தில் வைக்காதே, தோல் வெந்துவிடும். வலி மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

நடுநடுவே நட. நீ இருப்பது காயலில் தோண்டிய மண்ணைக் கொட்டி பிரிஸ்டோ என்கிற இன்ஜினியர் துரை உண்டாக்கின தீவு, மேடுபள்ளமே கிடையாது. மரநிழல் சாலையில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். மழை என்றால் வராந்தா போதும். இட்லி, கஞ்சி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, அடிக்கடி சிறுநீர் கழி. ராத்திரி என்றால் தூங்கப் பார். முதல் பிரசவத்தில் இந்தத் தொடக்கக் கட்டம் ஒரு நாள்கூட இழுக்கலாம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை அது தொடக்கம்தான். ஆஸ்பத்திரிக்குப் போய், "இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய் வா" என்று அனுப்பினால் அவமானப்படாதே.

ஆனால் தீவு தீவுதான். எறணாகுளம் போக வெண்டுருத்திப் பாலம், மட்டாஞ்சேரி போக தோப்பும்படிப் பக்கத்துப் பாலம், எதில் போனாலும் காலையிலும் மாலையிலும் நெரிசல். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பொதுக் கணக்கு. நீ அதற்கு முன்னமே, ஏழெட்டு நிமிஷ இடைவெளியிலேயே கிளம்பிவிடு. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், பிள்ளை அசைவு குறைந்தால், காய்ச்சல் வந்தால், தலை கடுமையாக வலித்துக் கண் மங்கினால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே கிளம்பு. வண்டி இல்லையென்றால் 108.

அங்கே போன பிறகும் வலி தாங்கவில்லை என்றால் எபிடியூரல் கிடைக்குமா என்று கேள். தாங்கிக் காட்டி யாரிடம் பட்டம் வாங்கப் போகிறோம்? பிரசவ அறையில் ஒரு துணை இருக்கலாம் என்பது அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லியிருக்கும் ஏற்பாடு. சில இடத்தில் பெண் துணைதான் என்பார்கள், இந்த வாரமே விசாரித்து வை. அப்படியென்றால் அழுத்திப் பிடிக்க மாமியாரும் பழக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது வீடியோவில் கூப்பிடு. கையை எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா