சாம்பலை அள்ளுவோம், சுடரைக் காப்போம்

சிம்லாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர் குடும்பங்களில் முதல் குளிர்காலத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: அறையை எதைக் கொண்டு சூடாக்குவது? இங்குள்ளவர்கள் புக்காரி, தந்தூர் என்ற இரும்புக் கணப்படுப்புகளில் விறகு எரிப்பது நெடுநாள் வழக்கம். எங்கள் வீட்டில் நான்கு குளிர்காலங்களாகப் பெல்லட் கணப்படுப்பு இருக்கிறது. அதைக் கையாண்டதில் நான் செய்த ஒரு தவறும், அது தந்த பாடமும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு முந்தைய வாரம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலக வேலை மிகுதியால் நான்கு நாட்களாக அடுப்பை நான் கவனிக்கவில்லை. அன்று மாலை அறையில் சூடு போதவில்லை. பெல்லட் விழும் அளவைக் கூட்டி வைத்தேன். சுடர் உயர்ந்தது, ஆனால் சூடு கூடவில்லை. கண்ணாடிக் கதவு கறுத்தது. மேலும் கூட்டினேன். சற்று நேரத்தில் அம்மா தலை வலிக்கிறது என்றார். என் மகளுக்குக் குமட்டல்.

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டா, தீ இப்படி அழுது வடியுதே, சாம்பல் அள்ளினியா?" என்று கேட்டார். அம்பாசமுத்திரத்தில் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். பெல்லட் அடுப்பை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆயினும் நோய் எது என்று அவருக்குத்தான் தெரிந்தது.

அடுப்பை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தோம். காலையில் தலைவலி நீங்கியிருந்தது. ஆறிய அடுப்பைத் திறந்து பார்த்தபோது எரிகிண்ணத்தின் துளைகள் பாதிக்குமேல் அடைபட்டிருந்தன. புகைக்குழாயிலும் சாம்பல் படிந்திருந்தது; அதன் இணைப்பு ஒன்றும் தளர்ந்திருந்தது. போக வழியில்லாத புகை அந்த இடுக்கின் வழியே அறைக்குள் வந்திருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையதே.

அடுப்பு எப்படி எரிகிறது?

மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் அழுத்தி, 6 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளைகளாகச் செய்வதே பெல்லட். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்கும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான் என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். அடுப்பின் தொட்டியிலிருந்து ஒரு திருகுதண்டு பெல்லட்டைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளுகிறது. ஒரு மின்விசிறி புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பினால் கிண்ணத்தின் துளைகள் வழியாகப் புதுக்காற்று உள்ளே நுழைகிறது.

மரம் சூடானதும் முதலில் ஈரம் போகிறது. பிறகு மரத்தின் பெரும்பகுதி வாயுவாக மாறி வெளிவருகிறது. நாம் காணும் சுடர் அந்த வாயு எரிவதுதான். எஞ்சிய கரி கடைசியில் கனன்று எரிகிறது. ஒரு கிலோ மரம் முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டும். சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே சமவெளிக்குச் சரியாக இருக்கும் காற்றளவு இங்கே போதாது. அடுப்பைப் பொருத்தும்போதே மலையுயரத்துக்கு ஏற்பக் காற்றை அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடர் சொல்லும் செய்தி

சுடர் பளிச்சென்ற மஞ்சளாகத் துள்ளி எரிந்து, நுனியில் புகை இல்லாமல் இருந்தால் எல்லாம் நலம். கண்ணாடியில் படியும் மெல்லிய சாம்பல் நிறத் தூசி இயல்பானது.

சுடர் கருஞ்சிவப்பாக, உயரமாக, சோம்பலாக அசைந்து, நுனியில் புகை விட்டால் காற்று போதவில்லை. கண்ணாடி கரியாவதும் இதே காரணத்தால்தான். இந்த நிலையில் பெல்லட்டைக் கூட்டுவது, மூச்சுத் திணறுபவருக்கு மேலும் சோறு ஊட்டுவது போன்றது. நான் செய்தது அதுதான்.

சுடர் மிகக் குட்டையாக, சீறிக்கொண்டு, எரியாத பெல்லட்டையும் கிண்ணத்திலிருந்து எற்றி விட்டால் காற்று மிகுதி. வெப்பம் வீணாகப் புகைக்குழாய் வழியே போய்விடும்.

சாம்பல் எவ்வளவு?

உயர்தரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேசத் தரம். நாளொன்றுக்கு 15 கிலோ எரித்தால் சுமார் 100 கிராம் சாம்பல்தான். சாம்பல் 3 சதவீதம் உள்ள மலிவான பெல்லட்டானால் அதுவே 450 கிராம். மரப்பட்டை, வைக்கோல், உமி கலந்தால் சாம்பல் கூடும். உமியில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். மண்ணும் வைக்கோலும் கலந்த பெல்லட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. சாம்பல் உருகி, ஆறும்போது கல்போல் கட்டியாகித் துளைகளை மூடிக்கொள்ளும். மூட்டையின் விலையை மட்டும் பார்த்து வாங்குவது இதனால்தான் லாபமில்லை.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை

நாள்தோறும்: அடுப்பு நன்றாக ஆறிய பின் எரிகிண்ணத்தை எடுத்துக் கட்டிகளைச் சுரண்டி, ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறோம். கண்ணாடியைத் துடைக்கிறோம்.

வாரந்தோறும்: சாம்பல் தட்டைக் காலிசெய்து, வெப்பக் குழாய்களில் படிந்ததைத் தூரிகையால் தட்டிவிடுகிறோம். கதவின் ஓரக் கயிற்றையும் சோதிக்கிறோம். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், அது எளிதில் வரக்கூடாது.

ஆண்டுக்கொரு முறை, குளிர் தொடங்குமுன்: புகைக்குழாய், அதன் இணைப்புகள், விசிறி மூன்றையும் தொழில் தெரிந்தவரைக் கொண்டு சுத்தம் செய்கிறோம்.

அள்ளிய சாம்பலில் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் அல்லாமல் கல்தரையில் வையுங்கள். வீட்டில் தரை பெருக்கும் வாக்குவம் கிளீனரால் இதை உறிஞ்சக்கூடாது, தீப்பிடிக்கும்.

மறக்கக்கூடாதவை

காற்று போதாமல் எரியும் எந்த அடுப்பிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுகலாக இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்கு இவை வந்தால் குளிர் என்று இருந்துவிடாமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரை நாடுங்கள். அன்றிரவு நாங்கள் மருத்துவமனைக்குப் போகாததும் ஒரு தவறே. இந்த வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவி கடைகளில் கிடைக்கிறது. இப்போது எங்கள் படுக்கையறையில் ஒன்று இருக்கிறது.

மின்சாரம் நின்றால் விசிறி நின்று, கிண்ணத்தில் உள்ளது புகையத் தொடங்கும். ஆகையால் அடுப்பை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறோம். தில்லி, சண்டிகர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கீட்டியில் கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உறங்காதீர்கள். குளிர்காலந்தோறும் அதனால் உயிர்கள் போகின்றன.

அம்மா ஊர் திரும்பும்வரை சாம்பலை வீணாக்கவில்லை. பாத்திரம் துலக்கினார், மிச்சத்தைக் கீரைப் பாத்தியில் கொஞ்சமாகத் தூவினார். சாம்பல் காரத்தன்மை உடையது. புளிப்பு மண்ணை விரும்பும் புராஸ் போன்ற செடிகளுக்கு மட்டும் அதை இடக்கூடாது.

ஊரில் விடியற்காலையில் அடுப்பு மூட்டுமுன் சாம்பல் அள்ளுவது முதல் வேலை. இயந்திரம் வந்துவிட்டதால் அந்த வேலை போய்விட்டது என்று நான் நினைத்தேன். போகவில்லை. இப்போது தினமும் காலையில் என் மகள்தான் எரிகிண்ணத்தின் துளைகளை எண்ணிப் பார்த்துச் சொல்கிறாள். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.