கூனி நிற்கும் குஞ்சு: வீட்டுப் புரூடரில் முதலுதவியின் வரிசை

முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை முதல் சில வாரங்களில் படிப்படியாகவே பெறுகிறது. அதுவரை தாய்க்கோழியின் இறக்கைச் சூட்டுக்கு மாற்றாகச் செயற்கை வெப்பத்தில் அதை வைத்துக் காக்கும் அமைப்பே புரூடர் எனப்படுகிறது. பண்ணைகளில் தகரக் குடையும் அதைச் சுற்றித் தகட்டு வளையமுமாக அமையும் இது, வீடுகளில் ஓர் அட்டைப்பெட்டி, அதன் அடியில் நெல் உமி, மேலே தொங்கும் ஒரு குண்டு பல்பு என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இத்தகைய பெட்டிக்குள் வந்து சேர்பவற்றில் கணிசமானவை, சந்தையிலும் திருவிழாக் கடைத்தெருவிலும் பச்சை, இளஞ்சிவப்பு எனச் சாயமேற்றி விற்கப்படும் குஞ்சுகள். முட்டையினக் கோழிகளைப் பொரிக்கும் நிலையங்களில் முதல் நாளே இனம் பிரிக்கப்பட்டு, முட்டையும் இடாது, விலைபோகும் அளவுக்குச் சதையும் வைக்காது என்பதால் மலிவாகக் கழிக்கப்படும் சேவல் குஞ்சுகளே இவற்றுள் பெரும்பாலானவை.

குஞ்சு பொரிவதற்குச் சற்று முன் முட்டையின் எஞ்சிய மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இந்தக் கையிருப்பு இரண்டு மூன்று நாள்களுக்குத் தாங்குவதால்தான் தீனியும் நீரும் இல்லாத நெடும்பயணத்தைக் குஞ்சுகளால் கடக்க முடிகிறது. சாயமிடப்பட்டு, கூடைகளில் வெயிலில் அலைந்து, பலர் கைமாறி வீடு சேரும் வேளையில் அந்தக் கையிருப்பு தீர்ந்திருக்கும் என்பதால், வாங்கிய மறுநாளே குஞ்சு சோர்ந்து விழுவதற்குப் புதிதாக ஏதேனும் நோய் தொற்றியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. சோர்வு என்பது ஒரு நோயின் பெயரன்று. குளிர், தாகம், எச்ச அடைப்பு, பசி, தொற்று ஆகிய எல்லாவற்றுக்கும் குஞ்சின் உடல் காட்டும் ஒரே முகம் அது. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் இவற்றை எந்த வரிசையில் சோதிப்பது என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

அதற்கும் முன்னதாக, உண்மையான சோர்வையும் இயல்பான உறக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். நலமுள்ள குஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குப்புற விழுந்து, கழுத்தை நீட்டி, கால்களைப் பரப்பிச் செத்ததுபோல் உறங்கும்; புதிதாக வளர்ப்போர் இதைக் கண்டு கலங்குவது வழக்கம். பெட்டியின் ஓரத்தை விரலால் தட்டினால் அது விழித்தெழுந்து ஓடிவிடும். சோர்ந்த குஞ்சோ நின்றபடியே கூனி, இறக்கைகளைத் தொங்கவிட்டு, மயிரைச் சிலிர்த்து, கண்களைப் பாதி மூடி, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்கும். தட்டினால் கண் திறந்து, உடனே மீண்டும் மூடிக்கொள்ளும். உரக்கக் கீச்சிடும் குஞ்சுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று கொள்ளலாம், ஆனால் குறையைச் சொல்லும் வலுவேனும் அதனிடம் மிஞ்சியிருக்கிறது. கீச்சிடுவதையும் நிறுத்திவிட்ட குஞ்சே அதிகக் கவலைக்குரியது.

சோதனையில் முதலிடம் வெப்பத்துக்கு. குஞ்சின் பாதத்தை மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி உடனே தெரிந்துவிடும். உடல் குளிர்ந்த குஞ்சின் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடுவதால், அந்நிலையில் ஊட்டப்படும் எதுவும் தீனிப்பையிலேயே, அதாவது கழுத்தின் அடியில் உணவு முதலில் தங்கும் பையிலேயே, தேங்கிப் புளிக்கும். ஆகவே தீனியையும் நீரையும் ஒதுக்கிவைத்துவிட்டு, குஞ்சை உள்ளங்கைகளுக்கிடையிலோ துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ வைத்து, அரை மணி நேரம் போல மெல்லச் சூடேற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் முக்கியெடுப்பது கூடாது, ஏனெனில் நனைந்த தூவிமயிர் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடுகிறது. சாயத்தைக் கழுவ எண்ணிக் குழந்தைகள் குஞ்சைக் குளிப்பாட்டுவதும் இதே கேட்டில்தான் முடிகிறது. சாயம் ஏறிய தூவி உதிர்ந்து இறகு முளைக்கும்போது நிறம் தானாகவே போய்விடும்.

பெட்டியின் வெப்பம் முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசாக இருந்து, வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற பண்ணைக் கணக்கு, ஒன்றையொன்று அணைத்துச் சூடு பகிரும் பெருங்கூட்டத்துக்கு உரியது. இரண்டே குஞ்சுகள் உள்ள வீட்டுப் பெட்டிக்கு 4 வாட் பல்பு எவ்வகையிலும் போதாது என்பதால், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு உயரத்தைக் கூட்டிக் குறைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றி இதற்குப் போதிய சூட்டைத் தராது. அளவுமானியைவிடக் குஞ்சுகளின் இருப்பே நம்பத்தக்க சான்று: பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்து இளைத்தால் மிகைச்சூடு, ஒரே மூலையில் திரண்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று பொருள். சித்திரை, வைகாசி நண்பகலில் அறையே 35 பாகையைத் தாண்டும்போது பல்பு வேண்டுவதில்லை. அக்காலத்துச் சோர்வு பெரும்பாலும் குளிரால் வருவதன்று. மின்வெட்டு நேரத்தில் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கும் பழக்கம் நச்சுப்புகையால் குஞ்சுக்கும் வீட்டாருக்கும் கேடு தருவதாகையால், வெந்நீர்ப் புட்டியையே நாட வேண்டும்.

சூடேறிய பின் நீர். கணுக்காலின் தோல் சுருங்கி, நரம்புகள் கருத்துப் புடைத்துத் தெரிந்தால் நீர்ச்சத்து குன்றியிருக்கிறது என்று கொள்ளலாம். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது வெல்லத்தைக் கரைத்து, அலகின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு சொட்டு வைத்தால் குஞ்சு தானாகவே நாவசைத்து விழுங்கும். அலகைப் பிளந்து தொண்டைக்குள் பீய்ச்சுவது தவறு. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சில நிமிட இடைவெளியில் சில சொட்டுகள் என்ற நிதானமே பலன் தருகிறது. இனிப்பு நீர் ஒரு நாளைக்குப் போதுமானது, அதற்குமேல் நீண்டால் எச்சம் இளகும். பெட்டிக்குள் வைக்கும் நீர்த்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிவைத்தால் தள்ளாடும் குஞ்சு அதில் விழுந்து நனையாது.

அடுத்துப் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பயண அலைச்சலாலும் வெப்பம் மாறி மாறி வருவதாலும் எச்சம் இளகி, எச்சவாயின்மேல் ஒட்டி, காய்ந்து கட்டியாக அடைத்துக்கொள்வது சிறு குஞ்சுகளில் அடிக்கடி காணப்படுகிறது; கவனியாது விட்டால் கழிவு வெளியேற வழியின்றிக் குஞ்சு இறந்துவிடும். காய்ந்த கட்டியைப் பிய்த்தால் மென்தோலும் உடன் கிழிந்து வரும் என்பதால், வெந்நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றி வைத்து, ஊறியபின் சிறிது சிறிதாக வழித்தெடுத்து, ஈரத்தைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பல்பின் அடியில் உலரவிட வேண்டும். எச்சவாய்க்குச் சற்றுக் கீழே, வயிற்றின்மேல் இருக்கும் கருநிறப் புள்ளி தொப்புளின் வடு. அதையும் ஒட்டிய எச்சமென்று எண்ணிக் கிள்ளியெடுப்போர் உண்டு, அவ்வாறு செய்தால் குடல் வெளிவந்துவிடக்கூடும். வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி, நாற்றமும் வீசினால் அது தொப்புள் அழற்சி எனப்படும் தொற்றாகும். அத்தகைய குஞ்சுகள் பிழைப்பது அரிது.

தீனிக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. ஏறத்தாழ 20 விழுக்காடு புரதமுள்ள ஸ்டார்ட்டர் தீவனமே ஏற்றது. சாயக் குஞ்சுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வெறும் சோறும் நொய்யும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. மீண்டு வரும் குஞ்சுக்கு வேகவைத்த மஞ்சள் கருவை நீர் விட்டு மசித்து அலகு நுனியில் தொட்டுவைக்கலாம், எஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் குஞ்சு நிமிராவிட்டால் அதன் வயதைக் கொண்டு காரணத்தை ஊகிக்கலாம். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி குடலில் பெருகுவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும் என்பதால், மூன்று நாள் குஞ்சின் சோர்வுக்கு அதைக் காரணமாக்குவது பொருந்தாது. மூன்றாம் வாரத்துக்குப் பின் ஈரமான கூளத்தில் நிற்கும் குஞ்சு சோர்ந்து, எச்சத்தில் இரத்தமும் கண்டால் அதையே முதலில் ஐயுற வேண்டும். அதற்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம், ஒட்டுண்ணிக்குத் தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்து கிட்டாமல் தடுத்தே வேலை செய்வதால், அதே வேளையில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தையும் கலந்து கொடுப்பது ஒரு கையால் கட்டியதை மறுகையால் அவிழ்ப்பதாகும். பூஞ்சை பிடித்த உமியிலிருந்து எழும் வித்துகள் நுரையீரலில் தங்கினால் குஞ்சு ஓசையின்றி வாய் பிளந்து மூச்சுவாங்கும். அப்போது கூளத்தை மாற்றுவதன்றி வீட்டளவில் செய்யத்தக்கது அதிகமில்லை.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி உண்டு, தீர்க்கும் மருந்து இல்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டும் கைமருத்துவம் பல வீடுகளில் நிலவினாலும், வைரஸ் தொற்றிய பின் அதை நம்பிக் காத்திருந்தால் மற்றக் குஞ்சுகளும் இழப்பாகும். ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ விடப்படும் சொட்டு மருந்தே உரிய காப்பு. மனிதர்க்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கரைத்து ஊற்றும் வழக்கமோ கண்டிக்கத்தக்கது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிருக்குத் துணுக்கின் அளவை யாராலும் கணிக்க இயலாது.

தனியே பிரிக்கப்பட்ட குஞ்சு துணையின்றிக் கத்தியே வலுவிழப்பதால், தொற்றுக்கான அறிகுறி இல்லாதபோது கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் மற்றவற்றைப் பார்க்கும்படி அதே பெட்டியில் வைப்பது நல்லது. கழிச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் வேறு அறைக்கே மாற்றி, அதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்பே பிறவற்றைத் தொட வேண்டும். சமையலறைத் தராசில் நாள்தோறும் எடை பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் சரிவும் எண்ணாகத் தெரிந்துவிடும். அடுத்தடுத்துக் குஞ்சுகள் இறந்தால், புதிதாக இறந்த ஒன்றைப் பாலித்தீன் பையிலிட்டுப் பனிக்கட்டிகளுக்கிடையில் வைத்து, உறையவிடாமல், அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ நோய் ஆய்வகத்துக்கோ அன்றே கொண்டுசேர்க்க வேண்டும். உறைபெட்டியில் வைத்த உடலின் திசுக்கள் சிதைந்துவிடுவதால் அதைக்கொண்டு நோயைத் தெளிவாகக் கண்டறிவது கடினம்.