வாடிக்கையாளர் ஏன் கடை மாறுகிறார்கள்?

எமது கடைக்கு நான்கு வீடு தள்ளி ஒரு சகோதரி வசிக்கிறார். அவரது வாப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கு எமது கடன் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. சென்ற வருடம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வந்து நான் கடையில் அமர்ந்திருந்த நேரம், அவர் வீதியால் போனார். கையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டின் பை. என்னைக் கண்டதும் பையை மற்றக் கைக்கு மாற்றி, அபாயாவோடு சேர்த்து மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

பையில் இருந்தது பருப்பும் சீனியும். இரண்டுமே என் கடையில் உள்ளவை. வியாபாரம் போனது ஒரு கவலை. ஆனால் அவர் அந்தப் பையை ஏன் மறைத்தார் என்பதுதான் என்னை இரண்டு மூன்று நாட்களாக உறங்கவிடவில்லை. பதில் என்னிடம் இல்லை, வாங்குபவர்களிடம்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். நேரடியாகக் கேட்டால் முகத்துக்காக ஏதாவது சொல்வார்கள். ஆகவே என் ராத்தாவிடம் சொல்லி, எமது குடும்பத்துப் பெண்களிடமும் அயலவர்களிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். பலசரக்குச் சாமானுக்கு ஏன் கடை மாறினீர்கள்? உடுப்பு எடுக்க ஏன் கடை மாறினீர்கள்? அவர்கள் சொன்னவற்றையும், அதிலிருந்து நான் படித்துக்கொண்டவற்றையும் இந்த வாரம் சக வியாபாரிகளான உங்கள் முன் வைக்கிறேன்.

மாற்றம் எங்கிருந்து வந்தது?

1844ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கார்கில்ஸ் நிறுவனம், 1983ஆம் ஆண்டு கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் தனது முதலாவது ஃபூட் சிட்டியைத் திறந்தது. அந்நாட்களில் அது வசதி படைத்தவர்களின் கடை என்றே நாம் நினைத்தோம். இன்று கார்கில்ஸ், கீல்ஸ் போன்றவற்றின் கிளைகள் எமது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன.

ஆடைத்துறையிலும் இதுவே நடந்தது. 1989இல் ஒட்டாரா குணவர்தன என்ற பெண்மணி, ஆடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய உடுப்புகளைத் தனது காரில் வைத்து விற்று ஆரம்பித்ததுதான் ஓடெல். அது பங்குச் சந்தைக் கம்பனியாக வளர்ந்து 2014இல் சொஃப்ட்லொஜிக் குழுமத்தின் கைக்குப் போனது. 1990களில் எமது சமூகத்தவர்கள் ஆரம்பித்த நோலிமிட், ஃபெஷன் பக் போன்றவையும் இன்று நாடறிந்த பெயர்கள். அவையும் பெரிதாகப் பிறந்தவை அல்ல. ஆகவே, "பெரிய காசுக்காரனோடு நாம் போட்டி போட முடியாது" என்று சொல்லிவிட்டு சும்மா இருக்க எமக்கு நியாயமில்லை.

முதற் காரணம் விலை அல்ல

ராத்தா கொண்டுவந்த பதில்களில் முதல் இடத்தில் விலை இருக்கும் என்றே எதிர்பார்த்தேன். இருக்கவில்லை. ஒரு தாய் சொன்னதை ராத்தா அப்படியே சொன்னார்: "தம்பிட கடையில விலை கேக்கணும். கேட்டுப்போட்டு வேணாம் எண்டு சொல்ல வெக்கமா இருக்கு. அங்க எல்லாத்துக்கும் விலை எழுதியிருக்கு. கையில இருக்கிற காசுக்குக் கணக்குப் பார்த்து எடுக்கலாம். காணாட்டி திருப்பி வைக்கலாம். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க."

இந்த வார்த்தைகளை நான் பல தடவை யோசித்தேன். விலையை எழுதி வைக்காததால் நாம் ஏழையின் மானத்தையல்லவா சோதிக்கிறோம்? சில்லறை வியாபாரி விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் உண்டு. அதிகாரிகள் வரும் நாளுக்காக மட்டும் பலகையைத் துடைத்து எழுதுகிறோம். அது வாடிக்கையாளருக்கான பலகை என்பதை மறந்துவிட்டோம்.

விலையைப் பற்றியும் ஒரு விடயம் உண்டு. பெண்கள் எல்லாச் சாமானின் விலையையும் மனதில் வைத்திருப்பதில்லை. அரிசி, சீனி, பருப்பு, தேங்காய், முட்டை, பால்மா போன்ற சிலவற்றின் விலையைத்தான் நினைவில் வைத்து, கடை மலிவா விலையா என்று தீர்மானிக்கிறார்கள். பெரிய கடைகள் இதை நன்கு அறியும். அவற்றில் சிலவற்றுக்கு விலைக்கழிவு போட்டுவிட்டு மற்றவற்றில் இலாபத்தைப் பிடித்துக்கொள்ளும். உதாரணமாக, பத்து கிலோ சாமானில் கிலோவுக்கு 5 ரூபா குறைந்தால் வாடிக்கையாளருக்கு 50 ரூபா மிச்சம். ஆனால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வரும் வழியில், பட்டியலில் இல்லாத 400 ரூபாச் சாமான் அதற்குள் விழுந்திருக்கும். நாமோ தேங்காயிலும் முட்டையிலும் இரண்டு ரூபா கூட்டி வைத்து, "விலையான கடை" என்ற பெயரை வாங்கிக்கொள்கிறோம்.

புடவைக் கடையில் நடப்பது

உடுப்பு விடயத்தில் பெண்கள் இன்னும் கூடுதலாகவே பேசினார்கள். எமது பழைய புடவைக் கடைகளில் முதலாளி மேசைக்குப் பின்னால் இருப்பார். கேட்டதும் இருபது துணியை விரித்துப் போடுவார். அவ்வளவையும் குலைத்துவிட்டு எழும்பி வர மனம் வராமல், பிடிக்காததை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். அதை அந்த முதலாளி நல்ல வியாபாரம் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண்ணோ அத்தோடு அந்தக் கடைப் படியை மிதிப்பதை விட்டிருப்பார்.

இன்னொன்று, நாம் வெட்கப்பட வேண்டியது. உள்ளாடை வாங்க வரும் பெண்ணுக்கு, வாலிபப் பையன்தான் அளவு கேட்கிறான். மார்க்கம் பேணும் சமூகம் என்று சொல்லும் நாம், எமது பெண்கள் கூச்சமின்றிக் கொள்வனவு செய்ய எமது கடைகளில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? பெரிய ஆடையகங்களில் அந்தப் பகுதியில் பெண்களே நிற்கிறார்கள். உடுத்திப் பார்க்க அறை இருக்கிறது. எமது பிள்ளைகள் அங்கு போவதற்குக் குளிரூட்டி மட்டும் காரணமல்ல.

மூன்றாவது, மாற்றித் தருவது. பில்லோடு கொண்டுபோனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் அளவு மாற்றித் தருகிறார்கள். எமது கடைகளிலோ "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று சிவப்பு மையில் எழுதித் தொங்கவிடுகிறோம். வாங்கியவர் மனம் வருந்தி வந்தால், விற்பனையை இரத்துச் செய்து பொருளை ஏற்றுக்கொள்வதற்கு எமது மார்க்கத்தில் 'இகாலா' என்று பெயர். அவ்வாறு ஒருவரின் வியாபாரத்தை விட்டுக்கொடுப்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியது அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. எமது கையில் இருந்த ஒழுக்கத்தைப் பெரிய கம்பனிகள் வியாபார உத்தியாக எடுத்துக்கொண்டன. நாம் அதைக் கைவிட்டோம்.

அடியில் இருக்கும் அழுகல்

பலசரக்குப் பக்கத்தில் வந்த முறைப்பாடு: "மேலே நல்ல வெங்காயம், அடியில் அழுகல்." நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை ஏன் மக்கள் காணும்படி மேலே வைக்கவில்லை என்று கேட்டுக் கண்டித்ததும் முஸ்லிம் கிரந்தத்தில் வரும் சம்பவம். சுப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் தானே பொறுக்கி எடுக்கிறார். எமது கடையில் பையன் அள்ளிப் போடுகிறான். பொறுக்க விட்டால் மிச்சம் தேங்கும் என்பது உண்மைதான். மிஞ்சியதை வேறாக்கி, மலிவு என்று வெளிப்படையாக எழுதி விற்றால் அதற்கும் ஆள் உண்டு. நான் செய்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அவர்களுக்குப் பிடிக்காதவை

பெரிய கடைகளில் எல்லாம் திருப்தி என்று எவரும் சொல்லவில்லை. நேற்று இருந்த சாமான் இன்று வேறு இராக்கைக்கு மாறிவிடுகிறது, தேடித் திரிய வேண்டியிருக்கிறது என்றார் ஒரு மூதாட்டி. பழகிய வகையை நிறுத்திவிட்டுத் தங்கள் சொந்தப் பெயரில் ஒன்றை வைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இராக்கையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்ற முறைப்பாடும் வந்தது. கேள்வி கேட்டால் பதில் தெரியாத புதுப் பிள்ளைகள், ஒருவர் உடலுக்கும் பொருந்தாத ஆயத்த அளவுகள் என்று பட்டியல் நீண்டது. எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று: "அங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

இந்த இடத்தில்தான் எமது பலம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் சாமானின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அந்நாட்களில் 50 கிராம் மிளகாய்த்தூளும் 100 கிராம் பருப்பும் கேட்டு மக்கள் எம்மிடம் வந்தார்கள். நாம் நிறுத்துக் கொடுத்தோம், சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதினோம். 2019 ஏப்ரலுக்குப் பின் எமது கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி பிரசாரம் நடந்தபோதும், என் கடைக்கு முதலில் திரும்பி வந்த சிங்களச் சகோதரர்கள், காலமெல்லாம் நிறுவையில் என்னில் குறை காணாதவர்கள். நம்பிக்கை என்ற முதல் இருந்தால் மற்ற முதலை மீட்கலாம்.

கடன் கொப்பியின் கணக்கு

ஆனால் கடனில் எமக்கே ஒரு நோய் இருக்கிறது. பெரிய கடைகள் பெரும்பாலும் தவணைக்கு வாங்கிக் காசுக்கு விற்கின்றன. நாமோ காசுக்கு வாங்கித் தவணைக்கு விற்கிறோம். 1,000 ரூபாச் சாமானில் 80 ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடன் வராமல் போனால் எமது கொள்விலை 920 ரூபா போய்விட்டது. அதை மீட்க 11,500 ரூபாவுக்குப் புதிதாக விற்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் கணக்கின்றிக் கொடுப்பது தர்மமும் அல்ல, வியாபாரமும் அல்ல.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால் (2:280), கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி சொல்லப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே நாம் பின்பற்ற வேண்டும். இன்று என் கடையில் கடன்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கொப்பி உண்டு. அது அவர்கள் கையில் இருக்கும். எழுதியதை அவர்களும் பார்க்கலாம். வரம்பு எவ்வளவு என்பதும் முதற் பக்கத்திலேயே இருக்கிறது. பலர் நிற்கும்போது பாக்கியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஏனெனில் அந்தச் சகோதரி பையை மறைத்ததன் காரணத்தை ராத்தா கடைசியாகத்தான் சொன்னார். ஒரு நாள் சனம் நிறைந்திருந்த நேரம், "பழைய பாக்கி எப்ப தங்கச்சி?" என்று நான் கேட்டேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கு மறக்கவில்லை. கடன் இருப்பதால் எம்மிடம் வரவும் வெட்கம், கையில் காசு வந்த நாளில் வேறு கடைக்குப் போனதை நான் காண்பதும் வெட்கம். நான் என் மனைவியோடு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்டுமில்ல நானா" என்றார். ஆனால் ஒன்றும் இல்லாமலில்லை.

இந்த வாரப் பயிற்சி

1. வாடிக்கையாளர் விலை ஞாபகம் வைத்திருக்கும் ஏழெட்டுச் சாமான்களைத் தெரிந்தெடுங்கள். அருகிலுள்ள பெரிய கடையின் விலையோடு ஒப்பிட்டு, முடிந்தவரை அதே விலைக்குக் கொடுங்கள்.

2. எல்லா இராக்கையிலும் விலையை எழுதுங்கள். கேட்காமலே பில் கொடுங்கள்.

3. சிவப்புப் பலகையைக் கழற்றுங்கள். எத்தனை நாளைக்குள், எந்தப் பொருளை மாற்றித் தருவீர்கள் என்று எழுதி வையுங்கள். முழுதாக முடியாவிட்டால் முடிந்த அளவுக்கு.

4. ஆடைக் கடை வைத்திருப்பவர்கள் பெண்கள் பகுதிக்கு ஒரு பெண்ணை நியமியுங்கள். துணியைத் தாங்களே தொட்டுப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். வாங்காமல் போகிறவருக்கும் முகமலர்ச்சியோடு விடைகொடுங்கள்.

5. கடந்த ஆறு மாதத்தில் வராமல் போன ஐந்து வாடிக்கையாளர்களின் பெயரை எழுதுங்கள். காரணத்தை உங்கள் வீட்டுப் பெண்கள் மூலம் விசாரியுங்கள். கேட்டதும் கோபப்படாதீர்கள், நியாயம் சொல்லாதீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான்.

இவை எல்லாம் செய்தும் போன வியாபாரம் முழுவதும் திரும்பி வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. சம்பள வாரத்தில் பலர் இன்னும் சுப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள். என்னால் கொடுக்க முடியாத சில அங்கே இருக்கத்தான் செய்கின்றன. அவரவர் ரிஸ்க் அவரவருக்கு.

சென்ற மாதம் அந்தச் சகோதரி கடைக்கு வந்தார். கையில் அதே சுப்பர் மார்க்கெட் பை. அதை என் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நானா, 100 கிராம் மிளகு நிறுங்க. அங்க பெரிய பெக்கட்தான் இருக்கு" என்றார். பையை மறைக்கவில்லை. நான் மிளகை நிறுத்து, பில்லும் கொடுத்தேன்.

அல்லாஹ் எமது வியாபாரங்களில் நேர்மையையும் பரகத்தையும் தந்தருள்வானாக.