மலை மண் கரைந்தால் நம் ஊர்க் கிணறு வற்றும்



நம் விருத்தாசலத்துக்குப் பழமலை, முதுகுன்றம் என்றும் பெயர் உண்டு. ஆனால் ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் மலை தெரியாது. நமக்குத் தண்ணீர் தருகிற மலை மேற்கே இருக்கிறது. அதுதான் கல்வராயன் மலை. அங்கே பிறக்கும் மணிமுக்தாறு, கோமுகி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு நம் ஊர் வழியாக ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது.

"மழைக்காலத்துல ரெண்டு நாள் கரையைத் தொட்டு ஓடுது. மாசி மகத்துக்குக் கால் நனைக்கக்கூடத் தண்ணி இல்லையே, ஏன்?" என்று நாம் பேசிக்கொள்கிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

இரண்டு அகல் சொல்லும் பாடம்

பீங்கான் வேலை செய்யும் நம் பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே களிமண்ணில் செய்த இரண்டு அகல் விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கிளேஸ் போடாமல் சுட்டது. மற்றொன்று கிளேஸ் போட்டுச் சுட்டது. இரண்டின் மேலும் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முதல் அகல் குடித்துவிடும். இரண்டாவதில் வழிந்து ஓடிவிடும்.

காட்டு மண் முதல் அகல் மாதிரி. இலைச்சருகு மழையின் வேகத்தைத் தடுக்கும். வேரும் மண்புழுவும் போட்ட துளை வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். மழை நின்ற பிறகும் ஊற்றாகக் கசிந்து மாதக்கணக்கில் ஆற்றுக்கு வரும்.

வெறுமையான சரிவு இரண்டாவது அகல் மாதிரி. மழைத்துளி நேராக மண்ணை அடிக்கிறது. கரைந்த நுண்மண் துளைகளை அடைத்து மேல்பரப்பு இறுகுகிறது. தண்ணீர் இறங்காமல் ஓடுகிறது, மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். போக ஒரு பெருமழை போதும்.

மலையில் நடந்த மாற்றம்

முன்பு சாமை, தினை விளைந்த கல்வராயன் மலைச் சரிவுகளில் இன்று மரவள்ளிக்கிழங்கு நிறைய விளைகிறது. மரவள்ளி முதல் சில மாதங்களுக்கு நிலத்தை மூடாது. அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் பெயர்ந்து வரும். அடுத்த மழை அதைக் கொண்டுபோகும்.

இது மலைவாழ் மக்களைக் குறை சொல்வதற்கு அல்ல. கடன் அடைக்கணும்னா நாமும் காசு வரும் பயிரைத்தான் வைப்போம். அந்த மண் போனால் முதல் நஷ்டம் அந்தச் சகோதரிக்குத்தான். அடுத்த நஷ்டம் நமக்கு. கரைந்த மண் 1965-ல் கட்டிய கோமுகி அணையிலும், 1970-ல் கட்டிய மணிமுக்தா அணையிலும், நம் ஏரிகளிலும் வந்து படிகிறது. மரக்காலின் அடியில் மண் தங்கினால் அளவு குறையும் அல்லவா? அதுபோலத்தான்.

மரம் எதுவானாலும் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. நீலகிரியில் புல்வெளியில் தைல மரம் வைத்தபோது ஓடைத் தண்ணீர் குறைந்ததை ஊட்டி ஆராய்ச்சி மையம் அளந்து காட்டியிருக்கிறது. அந்த மண்ணுக்கு உரிய மரமும் புல்லும்தான் தேவை.

மழையும் மாறுகிறது

காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். நிலம் வெறுமையாக இருக்க, மழையும் கொட்டினால், வெள்ளமும் வறட்சியும் ஒரே வருடத்தில் வரும். அப்போது குடம் தூக்கி அலைவது நாம்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் ஏரி வரத்து வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம் கேளுங்கள். குழுவாகப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

2. ஏரி வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுக்க, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரும் முறை வந்தது. ஏரியும் ஆழமாகும், நிலமும் வளமாகும்.

3. மேட்டு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழவு, வரப்பு, ஊடுபயிராக உளுந்து, தட்டைப்பயறு.

4. மலை மகளிர் குழுக்களிடம் கடுக்காய், புளி, சாமை வாங்கி நம் கூட்டமைப்பு வழியாக விற்கலாம். மரம் நின்றால் வருமானம் என்றால், மரம் நிற்கும்.

குழுக் கூட்டத்தில் பேச

* உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது? அது இப்போது திறந்திருக்கிறதா?
* உங்கள் அம்மா காலத்தில் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் இருந்தது? இன்று எத்தனை?

பதிலைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கிராம சபைக்குப் போகும்போது அதுவே நம் கையில் இருக்கும் ஆதாரம்.