புதுமனை புகுமுன்

மைசூர் விஜயநகரில் தம் மனையில் ஒப்பந்தக்காரரைக் கொண்டு வீடு கட்டிக்கொள்வோர் பலர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுநர் விற்கும் வீடுகளில், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டப்படும் குறைகளை 30 நாளில் கட்டணமின்றிச் சீர்செய்யப் பணிக்கிறது. சொந்த மனையில் கட்டுவோருக்கு அக்காப்பு இல்லை. நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கும் எழுத்துச் சான்று வேண்டும். ஆகவே குறைநீக்கும் பொறுப்புக் காலத்தையும், அதுவரை நிறுத்திவைக்கும் தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுதல் நன்று. கிருகப்பிரவேச அவசரத்தில் முழுத்தொகையும் கைமாறிவிட்டால், பின்னர் மேஸ்திரியைக் காண்பதே அரிது!

மொட்டைமாடியில் நீரைத் தேக்கி, 48 மணி நேரம் கழித்துக் கூரையின் அடிப்புறத்தில் ஈரம் உள்ளதா எனக் காண்க. தரையோட்டைத் தட்டுகையில் வெற்றொலி எழுமாயின் அடியில் கலவை நிரம்பவில்லை. சுவர் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி குறித்துவைக்க வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்தபின் விரிசல் கோட்டைத் தாண்டியிருப்பின், பூசி மறைக்க இசையாது பொறியாளரை அழைத்துக் காட்டுக.